சுடரில் வந்தது செங்கல் சிவப்பா, கருஞ்சிவப்பா? கால்சியம் என்று எழுதித் தப்பாகிவிட்டது

நெல்லைச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம். பிராக்டிக்கலுக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. போன வாரம் மாடல் தேர்வில், எந்த உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லி எனக்குக் கொடுத்த சால்ட்டைக் கால்சியம் கார்பனேட் என்று எழுதிக் கொடுத்தேன். கார்பனேட் சரி, கால்சியம் தப்பு என்று மேடம் சுழித்துவிட்டார். அப்படியென்றால் எது என்று கேட்டதற்கு, மிச்ச சால்ட்டை எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வந்து நீயே கண்டுபிடி என்றார். கோபமெல்லாம் இல்லை, ஆனால் எந்த இடத்தில் தப்பினேன் என்றே தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

செய்ததைச் சொல்கிறேன். வெள்ளைத் தூள், தண்ணீரில் கரையவில்லை. நீர்த்த ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) விட்டதும் நுரைத்துப் பொங்கிக் கரைந்தது, வந்த வாயு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால் போல ஆக்கியது. உலோக அயனிகளை வரிசையாகச் சோதிக்கும் தொகுதிகளில் முதல் நாலிலும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதில் அம்மோனியம் கார்பனேட் விட்டதும் வெள்ளை வீழ்படிவு. அதை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து மூன்று டெஸ்ட் டியூபில் பிரித்துக்கொண்டேன். பொட்டாசியம் குரோமேட்டுக்கு மஞ்சள் வீழ்படிவு வரவில்லை, அதனால் பேரியம் இல்லை. அம்மோனியம் சல்பேட்டுக்கு அரை நிமிடம் பார்த்தேன், எதுவும் விழவில்லை, அதனால் ஸ்ட்ரான்ஷியமும் இல்லை. அம்மோனியம் ஆக்சலேட் விட்ட உடனே வெள்ளையாகக் கொட்டியது. சரி, கால்சியம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் ஃபிளேம் டெஸ்ட். வாட்ச் கிளாஸில் கொஞ்சம் சால்ட் எடுத்து கான்க் (செறிவான) ஹெச்சிஎல் சேர்த்துப் பேஸ்ட் ஆக்கி, கண்ணாடிக் குச்சியில் தொட்டு பர்னரில் காட்டினேன். முதலில் நல்ல மஞ்சள், பிறகு ஆரஞ்சும் சிவப்பும் கலந்த மாதிரி ஒரு நிறம். செங்கல் சிவப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்து மேஜைத் தோழி மட்டும், கொஞ்சம் கருஞ்சிவப்பு அடிக்கிறதே என்றாள்.

இந்த இரண்டு சிவப்பையும் கண்ணால் எப்படிப் பிரிப்பது? எந்த சால்ட் எடுத்தாலும் முதலில் மஞ்சளே வருகிறதே, அது ஏன்? இன்னொன்று, அந்தத் தோழிக்கு வந்தது மெக்னீசியம், அவளுக்குச் சுடரில் எந்த நிறமும் வரவில்லை. அவள் ஏதாவது தப்பாகச் செய்தாளா?

பழைய_பர்னர்

தங்கச்சி, நான் ஆசிரியர் இல்லை. கல்லூரி வேதியியல் லேபில் 31 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் 'கண்ணாடிக் குச்சி' என்று படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது. லேபில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடிக் குச்சியைக் கழுவித் துடைத்து, எந்த உப்பும் தொடாமல் வெறுமனே சுடரில் பிடித்துப் பாருங்கள், சூடு ஏற ஏற அதுவே மஞ்சளாக எரியும். அந்த மஞ்சள் உங்கள் சால்ட்டிலிருந்து வந்ததே இல்லை, குச்சியிலிருந்து வந்தது. இப்போது யோசியுங்கள், ஸ்ட்ரான்ஷியத்தின் கருஞ்சிவப்போடு இந்த மஞ்சள் கலந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? ஆரஞ்சு கலந்த சிவப்பு. கையேட்டில் அதற்குப் பொருத்தமாக இருக்கும் பெயர் செங்கல் சிவப்பு. கால்சியம் என்று எழுதிவிட்டுப் போன பிள்ளைகளை நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். உங்கள் சால்ட் என்னவென்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, ஆனால் என் சந்தேகம் ஸ்ட்ரான்ஷியத்தின் மேல்தான்.

திங்கட்கிழமை போனதும் கண்ணாடிக் குச்சியை விட்டுவிட்டு, கம்பி கேளுங்கள். பிளாட்டினக் கம்பி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நிக்ரோம் போதும். முனையைச் சின்ன வளையமாக வளைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட்ச் கிளாஸில் கான்க் ஹெச்சிஎல் கொஞ்சம் வைத்து, கம்பியை அதில் தொட்டுச் சுடரில் காட்டுங்கள், மறுபடியும் தொடுங்கள், மறுபடியும் காட்டுங்கள். கம்பியால் சுடர் நிறம் மாறாமல் இருக்கும் வரை இதைச் செய்ய வேண்டும். சில நாள் மூன்று தடவையில் சுத்தமாகிவிடும், சில நாள் பத்துத் தடவை ஆகும், அதில் அவசரப்படக்கூடாது. சுத்தமான பிறகு அந்த முனையை விரலால் தொட்டுவிடாதீர்கள், வியர்வையில் உப்பு இருக்கிறது, மறுபடியும் மஞ்சள் வந்துவிடும். கம்பி கழுவிய அமிலத்திலேயே சால்ட்டைக் குழைக்கவும் வேண்டாம், அதற்கு வேறு வாட்ச் கிளாஸ், வேறு அமிலம்.

அந்த வாட்ச் கிளாஸை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால், காய்ந்த வெள்ளைத் தடத்தில் சோடியமும் இருக்கும் கால்சியமும் இருக்கும். கடைசியாக ஒரு தடவையாவது வாலைவடிநீர் ஊற்றி அலச வேண்டும்.

பர்னரில் காற்றுத் துளையை முழுக்கத் திறந்து நீலச் சுடராக வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சளாக எரியும் சுடரில் எதையும் பார்க்க முடியாது. கம்பியைச் சுடரின் நடுவில் குத்தாமல், அடிப்பக்கம் ஓரமாக மெல்ல நுழையுங்கள். சீக்கிரம் ஆவியாகிறவை அங்கேயே நிறம் காட்டிவிடும். ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் மேஜை வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, தெரிந்த உப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஸ்டோரில் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கால்சியத்துக்கு வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பே போதும், ஒரு துளியை ஹெச்சிஎல்லில் குழைத்துக் காட்டுங்கள். ஒரே சுடர், ஒரே கம்பி, ஒரே வெளிச்சம், மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் 'கருஞ்சிவப்பு' என்று படிப்பதை விட அதைக் கண்ணால் ஒரு தடவை பார்ப்பது மேல். கால்சியத்தின் நிறம் சட்டென்று வந்து சட்டென்று போகும், ஸ்ட்ரான்ஷியம் கொஞ்ச நேரம் நின்று எரியும்.

பிளாட்டினக் கம்பி கொடுத்தார்கள் என்றால் அதில் ஈயம், ஆர்சனிக், ஆன்டிமனி இருக்கக்கூடிய சால்ட்டை வைக்காதீர்கள். அவை சுடரில் உலோகமாக ஒடுங்கிப் பிளாட்டினத்தோடு சேர்ந்துகொள்ளும், கம்பி நொறுங்கிப்போகும். விலையைப் பார்த்தால் மனசு கேட்காது.

யாழ்_வேதியியல்

வணக்கம் பிள்ளை. நான் இங்கே யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு வேதியியல் படிப்பிக்கிறேன். எங்கள் பாடநூலில் இதைச் சுவாலைச் சோதனை என்போம்.

மேலே ஐயா சுவாலை பற்றி எழுதியது எல்லாம் சரி. ஆனால் உங்களுடைய முதல் பிழை சுவாலையில் நடக்கவில்லை, அதற்கு முந்தியே பரிசோதனைக் குழாயில் நடந்துவிட்டது. அம்மோனியம் ஒட்சலேற்று விட்டவுடன் வெண்ணிற வீழ்படிவு வந்தது, ஆகவே கல்சியம் என்று முடிவெடுத்தீர்கள். ஸ்ரொன்சியமும் ஒட்சலேற்றுடன் வெண்ணிற வீழ்படிவு தரும், அதுவும் அசற்றிக்கமிலத்தில் கரையாது. பேரியம், ஸ்ரொன்சியம், கல்சியம் என்று அந்த ஒழுங்கில் பார்க்கச் சொல்வதன் காரணமே அதுதான். முதல் இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஒட்சலேற்றுச் சோதனைக்குப் பொருள் உண்டு. நீங்கள் ஸ்ரொன்சியத்துக்கு அரை நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

ஸ்ரொன்சியம் சல்பேற்று மெதுவாக விழுகிற ஒன்று. கரைசல் ஐதாக (நீர்த்து) இருந்தால் இன்னும் தாமதமாகும். அம்மோனியம் சல்பேற்று சேர்த்து, மெல்லச் சூடாக்கி, கண்ணாடிக் கோலால் குழாயின் உட்சுவரைச் சுரண்டிவிட்டு, ஐந்து நிமிடமாவது அசையாமல் வையுங்கள். மறுபக்கத்தில், கரைசல் மிகச் செறிவாக இருந்தால் கல்சியம் சல்பேற்றே விழுந்து உங்களை ஏமாற்றக்கூடும், அதையும் மறக்க வேண்டாம். ஒரு லீற்றர் நீரில் கல்சியம் சல்பேற்று ஏறக்குறைய 2 கிராம் கரையும், ஸ்ரொன்சியம் சல்பேற்று 0.13 கிராம் அளவுதான், பேரியம் சல்பேற்று சில மில்லிகிராம்.

இந்த வித்தியாசத்தை வைத்தே ஓர் அழகான சோதனை இருக்கிறது, என் மாணவர்களுக்கு நான் மிகவும் விரும்பிக் காட்டுவது இதைத்தான். பரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஒஃப் பரிஸ், அதாவது கல்சியம் சல்பேற்று) கொஞ்சத்தைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். கிடைக்கிற தெளிந்த நீர்தான் கல்சியம் சல்பேற்றின் நிரம்பிய கரைசல். இதை உங்கள் கரைசலுக்குச் சேர்த்தால், பேரியம் என்றால் உடனே வெண்மையாகும், ஸ்ரொன்சியம் என்றால் சிறிது நேரம் கழித்து, சூடாக்கினால் விரைவாக, மெல்லக் கலங்கும். கல்சியம் என்றால் எதுவுமே நடக்காது. ஏற்கெனவே கல்சியம் சல்பேற்றால் நிரம்பிய நீரில் இருக்கிற சொற்ப சல்பேற்று, கல்சியத்தை எப்படி வீழ்த்தும்? நிறத்தைப் பார்த்துத் தடுமாறுகிற வேலையே இதில் இல்லை.

நெல்லைச்சாரல்

ஐயா, சார், இரண்டு பேருக்கும் நன்றி. ஆக்சலேட் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் விழும் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது, கையேட்டில் கால்சியத்துக்கு நேராக மட்டும்தான் போட்டிருக்கிறது. மூன்று டியூபிலும் ஒரே நேரத்தில் ஊற்றிப் பார்த்தால் நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார் என்று ஒரு சீனியர் சொன்னார், அது இதற்கு உதவுமா?

ஒளிப்பட்டகம்

நான் இயற்பியல். கோபால்ட் நீலக் கண்ணாடி நிச்சயம் உதவும். அது சோடியத்தின் மஞ்சளை விழுங்கிவிடும், மற்ற நிறங்களில் மிச்சம் இருப்பது மட்டும் கண்ணுக்கு வரும். அதன் வழியாகப் பார்த்தால் ஸ்ட்ரான்ஷியம் ஊதா கலந்த சிவப்பாகவும், கால்சியம் வெளிறிய பச்சையாகவும், பொட்டாசியம் கருஞ்சிவப்பாகவும், பேரியம் நீலப் பச்சையாகவும் தெரியும். சிவப்பையும் சிவப்பையும் பிரிக்கத் தடுமாறியவருக்கு ஊதாவையும் பச்சையையும் பிரிப்பது சுலபம் இல்லையா?

மஞ்சள் ஏன் எங்கும் வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் புன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் சேர்ந்து 1859-60இல் சுடரின் ஒளியைப் பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோடியத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கண்டுபிடிக்க முடியும் என்று பார்க்க, கருவி இருந்த இடத்திலிருந்து அறையின் தூரமான மூலையில் வெறும் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு கலந்து வெடிக்கவிட்டார்கள். சில நிமிடத்தில் இந்தப் பக்கத்துப் பர்னர் சுடர் மஞ்சளாகி, சோடியக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சோடியத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அவ்வளவு கொஞ்சம் போதும் என்னும்போது விரல் பட்ட கம்பி மஞ்சளாக எரிவதில் ஆச்சரியமே இல்லை. அதே முறையில்தான் 1860இல் டுர்க்ஹைம் ஊற்று நீரில் புதிதாக நீலக் கோடுகளைப் பார்த்து சீசியத்தையும், மறு வருடம் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

சோடியத்தின் அந்த ஒளி 589 நானோமீட்டர், சுடரின் சூட்டிலேயே எளிதாகக் கிளம்புகிறது, நம் கண்ணும் அந்த இடத்தில் நன்றாகப் பார்க்கிறது. பொட்டாசியத்தின் வலுவான கோடுகள் 766, 770 பக்கம், கண் கிட்டத்தட்டப் பார்க்க முடியாத விளிம்பு. அதனால் கொஞ்சம் சோடியம் இருந்தாலும் பொட்டாசியத்தின் இளம் ஊதா அடியோடு மறைந்துவிடும்.

உங்கள் தோழி எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். மெக்னீசியத்தின் முக்கியமான கோடு 285 நானோமீட்டரில் இருக்கிறது, அது புறஊதா. அந்த அளவுக்கு எலக்ட்ரானை ஏற்றிவிட பர்னர் சுடருக்குச் சக்தி போதாது, அப்படியே வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பாடத்தில் எல்லாவற்றையும் 'அணுவில் எலக்ட்ரான் மேலே போய்க் கீழே வருகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சோடியத்துக்கு அது சரி. கால்சியம், ஸ்ட்ரான்ஷியம் இரண்டிலும் நாம் பார்க்கும் சிவப்பு பெரும்பாலும் தனி அணுவிலிருந்து வருவதில்லை, சுடருக்குள் உருவாகும் ஹைட்ராக்சைடு மூலக்கூறுகளிலிருந்து அகலமான பட்டைகளாக வருகிறது. கால்சியத்துக்கு 622 பக்கம் ஆரஞ்சுச் சிவப்புப் பட்டையோடு 554 பக்கம் ஒரு பச்சைப் பட்டையும் உண்டு. ஸ்ட்ரான்ஷியத்துக்கு 606 பக்கமும் அதற்கு மேலும் பட்டைகள், கூடவே 461இல் மெல்லிய நீலக் கோடு, பச்சையில் எதுவும் இல்லை. பழைய டி.வி.டி. ஒன்று இருந்தால் கறுப்பு அட்டையில் மெல்லிய கீறல் போட்டு, அதன் வழியாக வரும் ஒளியை டி.வி.டி.யில் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள், நிறங்கள் பிரிந்து தெரியும். பர்னருக்கே சொந்தமாக நீலத்திலும் பச்சையிலும் பட்டைகள் இருக்கின்றன, அதனால் முதலில் வெறும் சுடரைப் பார்த்து அவற்றை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாத்தூர்க்காரன்

எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா இரண்டு பேரும் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலையில் இருந்தவர்கள், அதனால் இந்த நிறங்களோடு வளர்ந்தவன். வாண வேடிக்கையில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டுதான், கால்சியத்தில் அந்த ஆழம் வராது. பச்சைக்குப் பேரியம் நைட்ரேட் இருந்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது, அதிலிருந்து பச்சை நிறம் பெரிய சிக்கலாகிவிட்டது. மருந்துக் கலவையில் சோடியம் கலந்துவிடக் கூடாது என்பதில் தொழிலில் உள்ளவர்கள் எவ்வளவு கவனமாக இருப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன், கொஞ்சம் கலந்தாலும் சிவப்பு ஆரஞ்சாகிப்போகும். தங்கைக்கு நடந்ததும் அதுதான் போலிருக்கிறது.

ஹெச்சிஎல் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். குளோரைடாக மாறினால் உப்பு சுடரில் சுலபமாக ஆவியாகும், ஆவியானால்தான் நிறம். வாணத்திலும் இதே காரணத்துக்காகக் குளோரின் தரும் பொருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். கந்தக அமிலம் ஊற்றினால் நேர் எதிர், சல்பேட் ஆகி அசையாமல் உட்கார்ந்துவிடும். சால்ட்டே பேரியம் சல்பேட்டாக இருந்தால் நேராகக் காட்டி நிறம் வராது, கம்பியில் எடுத்துச் சுடரின் உள்பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துச் சல்பைடாக ஒடுக்கிவிட்டு, அப்புறம் ஹெச்சிஎல்லில் தொட்டு வெளிப்பக்கம் காட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். நிறம் நன்றாகத் தெரியும் என்று கிண்ணத்தில் மெத்தனால் ஊற்றி உப்பு போட்டு எரிக்கும் செய்முறையை யாரும் செய்ய வேண்டாம். எரிந்துகொண்டிருக்கும்போது பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றப் போய்ப் பிள்ளைகள் கருகியிருக்கிறார்கள். அமெரிக்க வேதியியல் கழகமே 2014இல் அதை நிறுத்தச் சொன்னது. நெருப்போடு பிழைக்கும் ஊரிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

நெல்லைச்சாரல்

திங்கட்கிழமை போய்ச் செய்துவிட்டேன்! ஸ்ட்ரான்ஷியம்தான்.

முதலில் வெறும் கண்ணாடிக் குச்சியைச் சுடரில் பிடித்தேன், ஐயா சொன்னது போலவே தானாக மஞ்சளாக எரிந்தது, சுற்றி நின்ற நாலு பேரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். நிக்ரோம் கம்பி சுத்தமாக ஏழு தடவை ஆனது. அதற்குப் பிறகு என் சால்ட்டைக் காட்டினால் ஆரஞ்சே இல்லை, ஆழமான சிவப்பு, மாதுளை முத்து மாதிரி. ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டும் அதே நிறம். ஆச்சியிடம் வாங்கிப் போயிருந்த சுண்ணாம்பைக் காட்டினபோது ஒரு நொடி ஆரஞ்சுச் சிவப்பாகச் சீறிவிட்டு அடங்கியது. இரண்டையும் பக்கத்தில் பார்த்த பிறகு இவற்றைப் போய் எப்படிக் குழப்பினேன் என்று இருக்கிறது. நீலக் கண்ணாடியில் சால்ட் ஊதாவாகத் தெரிந்தது, சுண்ணாம்பில் பச்சையை அரைகுறையாகத்தான் பார்க்க முடிந்தது, அவ்வளவு சீக்கிரம் போய்விட்டது. டி.வி.டி.யில் நீலக் கோடு எனக்குப் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்து சார் சொன்ன சோதனைதான் எல்லாவற்றிலும் தெளிவு. பாரிஸ் சாந்து நீரை விட்டுச் சூடாக்கினதும் இரண்டு நிமிடத்தில் மெல்லக் கலங்க ஆரம்பித்தது, கால்சியம் வைத்த டியூப் கடைசி வரை தெளிவாகவே இருந்தது. மேடம் இரண்டு டியூபையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை யார் சொன்னார்கள் என்று கேட்டார். இந்தத் திரியைக் காட்டினேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கம்பி கையில் இருக்கும்போதே பேரியம் குளோரைடையும் பார்க்கலாம் என்று காட்டினேன், முதலில் ஒன்றுமே வரவில்லை. கம்பியில் தப்பா?

பழைய_பர்னர்

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. கம்பியில் தப்பில்லை. பேரியம் மெதுவாகத்தான் ஆவியாகும், மற்றவற்றை விடச் சூட்டில் அதிக நேரம் வைக்க வேண்டும். கம்பியை எடுக்காமல் சுடரின் சூடான பகுதியிலேயே பிடித்திருங்கள், நடுவில் ஒரு தடவை ஹெச்சிஎல்லில் தொட்டுக்கொள்ளுங்கள், ஆப்பிள் பச்சை கடைசியில் வரும். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்காதீர்கள், பேரியம் குளோரைடு விஷம்.